சின்ன கீபோர்டும் மூன்றாம் எண்ணும்

மார்ச் 3

திருப்புளியாருக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நீங்கள் "சரி, வெச்சிடறேன்" என்கிறீர்கள். மூன்றாவது நிமிடத்தில் நான் கத்துகிறேன். அதனால்தான் முக்கியமான விஷயம் எதுவானாலும் மெயிலில் கடிதமாக எழுதிக்கொள்வோம் என்று ஒப்பந்தம் போட்டோம். அதன்படி எழுதுகிறேன். விஷயம் இரண்டு.

முதல் விஷயம் கீபோர்டு. நேற்று ஒரு மருத்துவக் கருத்தரங்கு. பேச்சாளர் பேசப் பேச நான் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினேன். காது கேளாதவர்கள் திரையில் படித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மாதமாக இந்த ஊரில் செய்கிற அதே வேலைதான். பேச்சாளர் திடீரென்று நிறுத்தினார். கூரையை அண்ணாந்து பார்த்து, "வெளியில ஆலங்கட்டி மழையா பெய்யுது?" என்று கேட்டார். மழை இல்லை, நான்தான். கல்யாணமான வருஷம் நீங்கள் கொடுத்த கீபோர்டு. அவருடைய மைக்கே அந்தச் சத்தத்தைப் பிடித்துவிட்டது. அதோடு போனதா? பழக்கதோஷத்தில் அவர் கேட்ட கேள்வியையும் நான் தட்டித் திரையில் போட்டுவிட்டேன். அரங்கமே சிரித்தது.

ஆகவே எனக்குச் சத்தம் போடாத ஒன்று வேண்டும். கையடக்கமாக, வயர் இல்லாமல், ஆனால் கீ நன்றாக இறங்கி எழும்புகிற மெக்கானிக்கல். லேப்டாப்பின் தட்டைப் பட்டன்களில் அரைமணி நேரம் தட்டினால் விரல் கெஞ்சுகிறது. வேலைக்கும் பயணத்துக்கும் ஒன்றே போதும். நாள் முழுக்கக் கீபோர்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டு, கடையில் யாரையோ கேட்பானேன்?

இரண்டாவது விஷயம். நிரந்தர வேலை தருகிறார்கள். இந்த ஊரிலேயே, தனி மேஜையோடு. ஒப்புக்கொண்டால் இங்கேயே வீடு பார்க்க வேண்டும். மறுத்தால் நம் வீட்டில் இருந்துகொண்டு, கூப்பிடும்போதெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். அந்த வேலை எத்தனை நாள் நிலைக்கும் என்று யாருக்கும் தெரியாது. 30ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் கடையும் அத்தையும் அங்கே. இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மின்னல்


மார்ச் 5

மின்னலுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஆலங்கட்டி மழையை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்ததில் அவன் கையிலிருந்த ஸ்ப்ரிங் ஒன்று பறந்துபோய் இன்னும் கிடைக்கவில்லை.

கீபோர்டு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு இருக்கின்றன. இரண்டும் மாதிரிக்கு வந்தவை, இரண்டும் நல்லவை. அதுதான் சிக்கலே.

சின்னது அறுபத்தொரு கீ. உன் கைப்பைக்குள் போகும். எடை அரைக் கிலோகூட இல்லை, சத்தமும் அவ்வளவாக இல்லை. ஆனால் அதில் தனியாக ஆரோ கீ கிடையாது. ஒரு வரி மேலே போக வேண்டுமானால் மூலையில் இருக்கிற ஃபங்ஷன் கீயை அமுக்கிக்கொண்டு, கூடவே ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்ட வேண்டும். பழகிவிடும். பழகாமலும் போகலாம். உனக்கு எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரியது எண்பத்துநான்கு கீ. பெரியது என்றால் ரொம்பப் பெரியது இல்லை. சின்னதோடு ஒப்பிட்டால் பெரியது. ஆரோ கீ தனியாக உண்டு. அடிப்பாகம் முழுக்க அலுமினியம். மேஜையில் வைத்தால் அசையாது, சத்தம் இன்னும் குறைவு. ஆனால் ஒரு கிலோவுக்கு மேல். பயணத்துக்கு ஆகாது. ஆகாது என்று சொல்ல முடியாது, முதுகுப்பையில் வைத்தால் ஆகும். ஆனால் உனக்குத் தோள்வலி.

நேற்று மதியம் வரை சின்னதுதான் என்று இருந்தேன். சாயங்காலம் பெரியதில் கொஞ்சம் தட்டிப் பார்த்ததும் பெரியது என்று தோன்றிவிட்டது. இப்போது மறுபடியும் சின்னது. அம்மா வந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பொட்டியையும் மாத்தி மாத்தித் தடவிட்டு இருக்கியே, பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு யோசிக்கலையே நீ" என்றாள்.

இரண்டிலும் புளூடூத் மூன்று எண்களில் வேலை செய்யும். ஃபங்ஷன் கீயோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எந்த எண்ணைத் தட்டுகிறாயோ, அந்தக் கருவிக்கு எழுத்து போகும். லேப்டாப், போன், இன்னொன்று. மேடையில் உனக்கு இது உபயோகப்படும்.

வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் வந்து நீயே தட்டிப் பார். நான் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதே.

திருப்புளி


மார்ச் 8

திருப்புளியாருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஸ்ப்ரிங் பறந்த கதை இருக்கிறது, அலுமினியம் இருக்கிறது, என் தோள்வலிகூட இருக்கிறது. நிரந்தர வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒருவேளை என் கடிதத்தின் கடைசிப் பகுதி உங்களுக்கு வந்து சேரவில்லையோ என்று, அனுப்பியதைத் திறந்து சரிபார்த்தேன். முழுதாகத்தான் போயிருக்கிறது.

"நான் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதே" என்கிறீர்களே, எதைப் பற்றி? கீபோர்டைப் பற்றியா, அல்லது அதையும் சேர்த்தா? போன மாதம் போனில் நான் பழைய கதையை எடுத்ததால் இப்படி வாயைத் தைத்துக்கொண்டீர்களா? கோபத்தில் சொன்னது அது. பொய் என்று சொல்லமாட்டேன், ஆனால் கோபத்தில் சொன்னது.

இங்கே என்னோடு மேடையில் சைகைமொழி பெயர்க்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். "உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று தினமும் கேட்கிறாள். "ஆரோ கீ வேணுமா வேண்டாமான்னு கேக்கறார்" என்றேன். அவள் இரண்டு கையாலும் ஏதோ காட்டினாள். அர்த்தம் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டாள்.

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. காலையில் இங்கேயே இருந்துவிடலாம் என்று எழுந்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குள் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. உங்களுக்குச் சின்னது, பெரியது என்று இரண்டு கீபோர்டு. எனக்கும் அதே கணக்குதான், ஆனால் நான் அதற்குள் குடியிருக்க வேண்டும்.

வெள்ளி வருகிறேன், ஞாயிறு காலை ரயிலில் திரும்பிவிடுவேன்.

மின்னல்


மார்ச் 16

மின்னலுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய்.

யோசித்துப் பார்த்தேன். பெரியதையே வைத்துக்கொள். நிரந்தரமான மேஜைக்கு அதுதான் சரி. அசையாது, பல வருஷம் உழைக்கும். இன்று கூரியரில் அனுப்பிவிட்டேன். அதே பெட்டியில் உன் மேஜை விளக்கையும் வைத்திருக்கிறேன். அங்கே உனக்கு வெளிச்சம் போதாது என்று ஒருமுறை சொன்னாய்.

சின்னதைப் பற்றிக் கவலைப்படாதே. அது என்னிடமே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வீடு பார்ப்பதானால் தண்ணீர் வசதி இருக்கிறதா என்று முதலில் விசாரி.

திருப்புளி


மார்ச் 19

திருப்புளியாருக்கு,

பெட்டி வந்தது. பிரித்தேன். கீபோர்டு, விளக்கு, விளக்குக்கு ஒரு மாற்று பல்பு. என்னையும் இப்படித்தான் பார்சல் கட்டியிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

யார் வீடு பார்க்கப் போவதாகச் சொன்னது? நான் எதையாவது சொன்னேனா? வெள்ளிக்கிழமை வந்தபோது நன்றாகத்தானே இருந்தீர்கள். என் பையை வாங்கிக்கொண்டீர்கள், சின்ன கீபோர்டைச் சார்ஜ் போட்டு, என் லேப்டாப்போடு சேர்த்துக் கொடுத்தீர்கள். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் உள் அறையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பால் வாங்கப் போனீர்கள் என்று அத்தை சொன்னார். இருந்த பால் இரண்டு நாளைக்குப் போதும். திரும்பி வந்தது மதியம் இரண்டு மணிக்கு. அதற்குப் பிறகு நீங்கள் பேசியதை எல்லாம் எண்ணினால் பத்து வார்த்தை தேறாது.

அந்தச் சின்ன கீபோர்டும் சேர்ந்து என்னை ஏமாற்றியது. நான் தட்டுகிறேன், திரையில் ஒன்றுமே வரவில்லை. "இது செத்துப்போச்சு" என்று உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் அதை வாங்கிக்கொண்டு "ம்" என்றீர்கள். எந்தக் கீபோர்டு எதனால் கெட்டது என்று அரைமணி நேரம் பாடம் நடத்துகிற ஆள், என் கீபோர்டு செத்ததற்கு "ம்" மட்டும்!

இந்தப் பெரியதைத் தூக்கிக்கொண்டு நேற்று ஒரு கூட்டத்துக்குப் போனேன். தோள் பிய்ந்துவிட்டது. இது எனக்கு வேண்டாம். நான் இங்கேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அழுதுவிட்டு 30ஆம் தேதி கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். சொல்லாமல் விளக்கு அனுப்பாதீர்கள்.

மின்னல்


மார்ச் 22

மின்னலுக்கு,

இதை நான்கு முறை எழுதி அழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அந்தக் கீபோர்டு சாகவில்லை. நீ தட்டியதெல்லாம் எனக்கு வந்தது.

எப்படி என்று சொல்கிறேன். கடைக்கு வருகிற எந்தக் கீபோர்டையும் முதலில் என் டேப்லெட்டோடு சேர்த்து, குறிப்புப் பக்கத்தில் ஒவ்வொரு கீயாகத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். எப்போதும் மூன்றாம் எண்ணில்தான் சேர்ப்பேன். ஒன்றும் இரண்டும் வாங்குகிறவர்களுக்கு என்று விட்டுவிடுவேன். கொடுப்பதற்கு முன் அழிக்க வேண்டும். உனக்குக் கொடுக்கிற சந்தோஷத்தில் அழிக்க மறந்துபோனேன். நீ ஒரு வரி மேலே போவதற்காக ஃபங்ஷன் கீயோடு 'ஈ'யைத் தட்டியிருப்பாய். அதற்கு நேர் மேலே இருப்பது மூன்று. விரல் கொஞ்சம் ஏறிவிட்டால் போதும். கீபோர்டில் மூன்றாவது விளக்கு மினுக்கியிருக்கும். ஆனால் நீதான் தட்டும்போது கீபோர்டையும் பார்க்கமாட்டாய், திரையையும் பார்க்கமாட்டாய். மேடையில் பேசுகிறவர் வாயைப் பார்த்தே பழகியவள். அன்றைக்கு ஜன்னலைப் பார்த்திருப்பாய்.

நான் கூடத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளர் ஒருவரின் புகாரைக் குறித்துக்கொண்டிருந்தேன். என் விரல் படாமலே எழுத்து ஓடியது. உனக்காகவே டேப்லெட்டிலும் தமிழ் வைத்திருக்கிறேனே, அதனால் தெளிவாக விழுந்தது. 'தாங்கள் அளித்த நிரந்தரப் பணியை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த மாதம் முதல் இங்கேயே தங்கிக்கொள்கிறேன்.' இந்த இரண்டு வரியையும் படித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்பது அப்புறம்தான் உறைத்தது. டேப்லெட்டைக் கவிழ்த்து சோபாவில் வைத்தேன். பால் வாங்கப் போனேன். பால் வாங்கவும் இல்லை; மூன்று தெரு தாண்டி, மூடியிருந்த ஒரு சலூன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன்.

நீ முடிவு செய்துவிட்டாய், என்னிடம் சொல்லத்தான் தயங்குகிறாய் என்று நினைத்தேன். உனக்கு அந்தச் சங்கடம் வேண்டாமே என்றுதான் பெரியதை அனுப்பினேன். விளக்கும் அதற்காகத்தான். அந்தக் குறிப்புப் பக்கத்தை இன்றுவரை நான் திறக்கவில்லை. ஒரு வாரமாகக் கடையில் கீபோர்டுகளைக் காகிதத்தில் டிக் அடித்துத்தான் சோதிக்கிறேன். "டேப்லெட் ரிப்பேரா?" என்று அண்ணன் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. இப்போது வரவில்லை, மன்னித்துக்கொள்.

திருப்புளி


மார்ச் 24

கடவுளே! நீங்கள் எத்தனை வரி படித்தீர்கள்? இரண்டா? இரண்டே இரண்டா? அதற்குக் கீழே ஒன்றும் படிக்கவில்லையா?

கேளுங்கள். அது நான் அனுப்ப எழுதிய கடிதம் இல்லை. எனக்கு எதையும் யோசித்து முடிவு செய்ய வராது என்று உங்களுக்குத் தெரியும். வருஷக்கணக்காக அடுத்தவர் பேச்சையே தட்டித் தட்டி, என் மனதில் இருப்பது எனக்கே காதில் விழுவதில்லை. அதனால் எது குழப்பமானாலும் இரண்டு கடிதம் எழுதுவேன், ஒன்று சரி என்று, ஒன்று முடியாது என்று. எதை எழுதும்போது விரல் தடுமாறுகிறதோ அது வேண்டாம் என்று அர்த்தம். உங்களைக் கட்டிக்கொள்வதற்கு முன்னாலும் இப்படி இரண்டு எழுதினேன். இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை முதல் கடிதம்தான் எழுதினேன். முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு முறை நிறுத்தி மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. சரி, செத்த கீபோர்டுதானே, எங்கேயும் போகாது என்று அதன் மேல் ஆத்திரம் தீரக் கொஞ்சம் தட்டினேன். உங்களைத் திட்டுவது மாதிரி. திட்டுவது என்றும் சொல்ல முடியாது.

அந்தப் பக்கத்தின் கீழே அது இருக்கும். நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் பார்க்காதீர்கள். அப்படியே அழித்துவிடுங்கள். இல்லை, அழிக்காதீர்கள். பார்ப்பதானால் நான் தூங்கிய பிறகு பாருங்கள், எனக்குத் தெரியவேண்டாம். நான் இங்கே இருந்துகொண்டு இப்படி எழுதுவதில் என்ன அர்த்தம் என்று எனக்கே புரியவில்லை.

பாருங்கள்.

மின்னல்


மார்ச் 25

மின்னலுக்கு,

காலையில் கடை திறந்ததும் பார்த்தேன். வாடிக்கையாளர் புகார், அதன் கீழே நான் படித்த இரண்டு வரி, 'இப்படிக்கு' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு நீ எத்தனை தடவை என்டர் தட்டினாயோ, ஒரு பக்க நீளத்துக்கு வெறும் இடம். விரலால் தள்ளித் தள்ளி இறங்கினால் கீழே இது இருந்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன், நீ தட்டியது உனக்கே நினைவிருக்காது.

'வேலை செய்யுதா. வேலை செய்யலையா. செத்துப்போனியா நீயும். இந்த வீட்டுல எதைத் தட்டினாலும் பதில் வராது போல. நான் போறேன்னு சொன்னா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போகாதேன்னு சொன்னா என்னவாம். நான் கேட்டுட்டுப் போகாம இருக்கணும்னுகூட இல்ல. சொல்லி இருந்தாருன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்.'

அண்ணன் எதிரில் இருந்தான். கண்ணில் தூசி என்றேன். எங்கள் கடையில் தூசிக்குப் பஞ்சமில்லை, நம்பிவிட்டான்.

இப்போது நான் சொல்கிறேன். மூன்று வருஷம் முன்னால், முடித்தால் நிரந்தர வேலை கிடைக்கும் என்ற அந்தப் பயிற்சிக்கு நீ கிளம்பியபோது "போகாதே" என்று சொன்னேன். அம்மாவுக்கு ஆபரேஷன், நான் தனியாகச் சமாளிக்கப் பயந்தேன். நீ போகவில்லை. போன மாதம் போனில் நீ, "அன்னிக்கு உங்க பேச்சைக் கேட்டதாலதான் இன்னும் நான் தற்காலிகமாவே கிடக்கிறேன்" என்றாய். அது பொய்யில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இவள் வழியில் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே போடக்கூடாது என்று. அதனால்தான் ஆரோ கீயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். பேசினால் அந்த வார்த்தை வந்துவிடுமோ என்று பயம். நான் வாயைக் கட்டிக்கொண்டது உனக்காக என்று நினைத்தேன். நீ அதை எனக்கு அக்கறை இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாய். உன் மேல் தப்பில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

போகாதே.

எழுதிவிட்டேன். இதை வைத்து முடிவு செய்யாதே என்று மறுபடியும் எழுதத் தோன்றுகிறது, எழுதவில்லை. நீ அந்த வேலையில் சேர்ந்தால் மாதம் இரண்டு முறை நான் ரயிலேறி வருவேன், அதற்கு அண்ணனிடம் இப்போதே பேசிவிட்டேன். சேராவிட்டால் உன் பையைத் தூக்க ஸ்டேஷனுக்கு வருவேன். எது உனக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

திருப்புளி


மார்ச் 29

திருப்புளியாருக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம், விட்டுப்போன இரண்டாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பணியை ஏற்க இயலாது என்று எழுதினேன். விரல் தடுமாறியது. சரி என்று எழுதிய முதல் கடிதத்தை மறுபடி தட்டிப் பார்த்தேன். அதிலும் தடுமாறியது. என் சோதனை முதல் முறையாகக் கைவிட்டுவிட்டது. சைகைமொழி அக்காவிடம் புலம்பினேன். "விரலை விடு, எந்தக் கடுதாசிய எழுதறப்போ உனக்குப் பசிச்சுது?" என்றாள். இது என்ன கேள்வி என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இரண்டாவதை முடித்தபோது சாப்பாட்டு நேரமே ஆகாமல் நல்ல பசி எடுத்தது நிஜம்.

இன்று காலை அதை அனுப்பிவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு, "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டார். "யோசிக்கலை சார்" என்றேன். அடுத்த மாதம் மூன்று ஊரில் கூட்டம் இருக்கிறது, போய் வரத் தயாரா என்றார். தயார் என்றேன். அதற்கு அடுத்த மாதம் எத்தனை என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. செய்தது சரியா தப்பா என்று இன்னும் கலக்கமாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதை நீங்கள் சொன்னதால் செய்யவில்லை. பின்னாளில் சண்டை வந்தால் இந்தக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டுங்கள். ஆனால் நீங்கள் சொன்னீர்கள். அது எனக்குப் போதும்.

பெரியதை இங்கே அலுவலகத்திலேயே எனக்குப் பதிலாக வருகிற பெண்ணுக்குக் கொடுத்துவிடலாமா என்று அண்ணனிடம் கேளுங்கள். விளக்கை நானே தூக்கி வருகிறேன்.

எனக்குச் சின்னது போதும். ஆரோ கீ இல்லாவிட்டால் பரவாயில்லை, மேலே போகப் பழகிக்கொள்கிறேன். எடுத்து நன்றாகத் துடைத்து, முழுக்கச் சார்ஜ் ஏற்றி வையுங்கள். ஆனால் மூன்றாம் எண்ணை அழிக்காதீர்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு உள் அறையில் உட்கார்ந்து தட்டுவேன். நீங்கள் கூடத்தில் இருங்கள். பால் வாங்கப் போக வேண்டாம். டேப்லெட்டைக் கவிழ்த்து வைக்காதீர்கள்.

மின்னல்